ரன்னுன்னா ஓடுறது மட்டும்தானா?

சாயந்திரம் எங்கிட்ட இங்கிலீஷ் ட்யூஷனுக்கு வர்ற பிள்ளைங்கள்ல யாரைக் கேட்டாலும் ரன்னுன்னா ஓடுறதுன்னு சட்டுன்னு சொல்லிடும், ஒண்ணாங்கிளாஸ் வாண்டு கூட. அதே பிள்ளைங்க ஒம்போதாவது பத்தாவது வந்தப்புறம் பாசேஜ்ல "ஹி ரன்ஸ் எ ஸ்மால் ஹோட்டல்"னு ஒரு வரி வந்துட்டா அப்படியே நின்னுடுறாங்க. ஹோட்டல் எப்படி மிஸ் ஓடும்னு ஒருத்தன் கேட்டான், நியாயமான கேள்விதானே. அடுத்த வரியில "ஹிஸ் நோஸ் வாஸ் ரன்னிங்"னு இருந்தா இன்னும் குழப்பம். தெரியாத வார்த்தைன்னா டிக்ஷனரிய எடுத்துப் பார்ப்பாங்க, ரன் தெரிஞ்ச வார்த்தையாச்சே, அதனால பார்க்கவே மாட்டாங்க, தெரிஞ்ச அர்த்தத்தையே அங்கயும் போட்டு இழுத்துப் பார்த்துட்டு பதில தப்பா எழுதிட்டு வந்துடுவாங்க. நம்ம பிள்ளைங்கள கவுத்து விடுற வேலைய செய்றதெல்லாம் இந்த மூணெழுத்து நாலெழுத்து வார்த்தைங்கதான், ரன், செட், புட், கெட், டேக், மேக் இதுங்க. இன்னிக்கு ரன்னைப் பத்தி மட்டும் உக்காந்து எழுதிடலாம்னு இருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் டிக்ஷனரின்னு ஒண்ணு இருக்கு, நாம ஸ்கூலுக்கு வாங்கிக் குடுக்கிற குட்டி ஆக்ஸ்போர்டு வேற இது வேற, 1989-ல வந்த ரெண்டாம் பதிப்பு மொத்தம் 20 வால்யூம். ஒரு வார்த்தை மொதமொதல்ல எப்போ எழுத்துல வந்துச்சு, அப்புறம் எப்படியெல்லாம் மாறுச்சுன்னு மேற்கோளோட காட்டுற டிக்ஷனரி அது. அந்த ரெண்டாம் பதிப்புல ரொம்ப நீளமான என்ட்ரி செட்டுங்கிற வார்த்தைக்குத்தான், 430 அர்த்தம், அதை விளக்க மட்டும் கிட்டத்தட்ட 60,000 வார்த்தை. ஒரு முழு நாவல் அளவு. அப்புறம் மூணாம் பதிப்பு வேலை ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஆன்லைன்ல வெளியிட வெளியிட 2000-ல மேக் முந்துச்சு, 2007-ல புட் முந்துச்சு, 2011-ல ரன் எல்லாத்தையும் முந்திடுச்சு. வினைச்சொல்லா வர்ற ரன்னுக்கு மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதி ஆசிரியர், அவருதான் இதைப் பிரிச்சு அடுக்கினது, ஒம்போது மாசம் போல இந்த ஒரே வார்த்தையோட உக்காந்திருந்திருக்காரு. எங்கயோ ஒரு பழைய கடிதத்துல, ஒரு பேப்பர் விளம்பரத்துல, ஒரு நாடகத்துல ரன் வந்த எடத்தையெல்லாம் எடுத்து வச்சு இது அதுதானா இல்ல வேறயான்னு பார்க்கிற வேலை. அந்தப் பொறுமைய நெனச்சா எனக்கு கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு.

இப்போ 645-னு கேட்டதும் பயந்துடக்கூடாது, ஏன்னா இது எதுவும் 645 தனித்தனி வார்த்தை கெடையாது, எல்லாம் ஒரே வேர்ல இருந்து கெளம்பினது. பழைய இங்கிலீஷ்ல ரின்னன்னும் இருந்துச்சு, எழுத்து எடம் மாறி இர்னன்னும் இருந்துச்சு. அதோட ஜெர்மன் சொந்தக்காரங்க ரெண்டு பேர் இன்னிக்கும் உயிரோட இருக்காங்க, ஜெர்மன்ல ரென்னன்னா ஆள் ஓடுறது, ரின்னன்னா தண்ணி ஓடுறது ஒழுகுறது. அப்போ ஆரம்பத்துல இருந்தே இந்த சொல்லுக்குள்ள ரெண்டு படம் இருக்கு, ஒண்ணு காலு, இன்னொண்ணு தண்ணி. ரெண்டுக்கும் பொதுவானது என்னன்னா நிக்காம போயிட்டே இருக்கிறது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதிக்கு மேல அர்த்தம் தானா வெளங்கிடும்.

தண்ணி பக்கம் பாருங்க. மூக்கு ரன் ஆகுது, கண்ணீர் கன்னத்துல ரன் ஆகுது, குழாய் ரன் ஆகுது, வீட்டுல ரன்னிங் வாட்டர் இருக்கா இல்லயான்னு கேக்குறாங்க, புதுச் சேலைய மொதத் தடவை நனைச்சா சாயம் ரன் ஆகுது, குளிக்க டப்புல தண்ணி புடிக்கிறது கூட "ரன் எ பாத்". எதுலயும் கால் கெடையாது, எல்லாம் ஈரம். அடுத்தது, எடத்துலயே இருந்தாலும் நீண்டுக்கிட்டே போற சமாச்சாரங்க, ரோடு ஆத்தோரமா ரன் ஆகுது, வேலி தோட்டத்தைச் சுத்தி ரன் ஆகுது, வயரு சுவத்துக்குள்ள ரன் ஆகுது. அப்புறம் காலத்துல நீண்டு போறது, ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு ரன் ஆகுது, நாடகம் ஆறு மாசம் ரன் ஆச்சு, சுகர் அவங்க குடும்பத்துல ரன் ஆகுது, தாத்தாவுக்கு இருந்துச்சு அப்பாவுக்கு வந்துச்சு இப்போ இவருக்கு. அதுக்கும் அடுத்து, தானா ஓடாததை நாம ஓட வைக்கிறது, கடை, கம்பெனி, ப்ரோக்ராம், டெஸ்டு. இந்த வரிசைய போர்டுல போட்டுக் காட்டினா பிள்ளைங்க மூஞ்சில அப்படியே ஒரு தெளிவு வரும், அதைப் பார்க்கிறதுக்காகவே நான் இந்தப் பாடத்தை எடுப்பேன்.

இதுல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அதை யாரும் பயன்படுத்துறதே இல்ல. நம்ம "ஓடு"வும் இதே மாதிரி ஊர் சுத்துன சொல்லுதான். ஆறு ஓடுது, ஃபேன் ஓடுது, மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, ஆட்டோ மீட்டர் ஓடுது, நாளு ஓடிருச்சு, ஏதோ பொழப்பு ஓடுது, மனசுல என்னமோ ஓடுது. ரத்த ஓட்டம், நீரோட்டம், தேரோட்டம். ட்ரயல் ரன்னுக்கு நம்மகிட்ட எவ்ளோ அழகா "வெள்ளோட்டம்"னு ஒண்ணு இருக்கு, புதுத் தேர் செஞ்சா சாமிய ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் தேர இழுத்துப் பார்ப்பாங்கல்ல, அது, இப்போ மெட்ரோ ரயிலுக்கும் அதே சொல்லைத்தான் பேப்பர்ல போடுறான். ஒரு பேப்பர் மேல கண்ணை ஓட்டுறதுன்னு நாம சொல்றத அவனும் "ரன் யுவர் ஐஸ் ஓவர்"னுதான் சொல்றான். இலங்கைத் தமிழர்கள் இன்னும் ஒரு படி மேல. நாம கார் ஓட்டுறோம்னு சொன்னா அவங்க "கார் ஓடுறன்"னு சொல்லுவாங்க, வயித்தால போறதுக்கு அவங்க சொல்லு வயிற்றோட்டம், இங்கிலீஷ்காரன் பேச்சு வழக்குல "த ரன்ஸ்"னு சொல்றானே அதேதான். கிரிக்கெட் ஸ்கோர நம்ம பேப்பர் ரன்னுனே எழுதும், அங்க இருக்கிற பத்திரிகையும் ரேடியோவும் "ஓட்டங்கள்"னு சொல்லும், நாலு விக்கெட் இழப்புக்கு இத்தனை ஓட்டங்கள்னு. கேக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா ரெண்டும் ஒண்ணா ஓடாத எடமும் இருக்கு, அங்கதான் பிள்ளைங்க தடுக்கி விழுறது. அவன் கடைய ரன் பண்றான், நாம கடைய நடத்துறோம். அவனுக்கு ஓட்டம் நமக்கு நடை. காய்ச்சல அவன் "ரன்னிங் எ டெம்பரேச்சர்"ங்கிறான், நமக்கு காய்ச்சல் அடிக்குது. தேர்தல் விஷயம் இன்னும் சுவாரஸ்யம், அமெரிக்காவுல தேர்தல்ல ரன் பண்ணுவாங்க, பிரிட்டன்ல அதே வேலைக்கு ஸ்டேண்ட், நாமளும் பிரிட்டன்காரன் மாதிரி தேர்தல்ல நிக்கிறோம்னுதான் சொல்றோம். அமெரிக்காவுல அதிபர் வேட்பாளரோட சேர்ந்து போட்டி போடுற துணை அதிபர் வேட்பாளருக்கு பேரு "ரன்னிங் மேட்". இது குதிரைப் பந்தயத்துல இருந்து வந்தது, ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் செட் பண்ணிக் குடுக்கிறதுக்குன்னு கூடவே ஓட விடுற குதிரைக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. 2020-ல கமலா ஹாரிஸ பைடனோட ரன்னிங் மேட்டுன்னு அறிவிச்சப்போ, அவங்க அம்மா வழித் தாத்தா ஊரு நம்ம திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம்ங்கிறதால இங்க ஒரே பேச்சா இருந்துச்சுல்ல, அப்போ ட்யூஷன்ல ஒரு பொண்ணு ரன்னிங் மேட்டுன்னா அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஜாகிங் போறவங்களான்னு கேட்டுச்சு. அன்னிக்கு கிளாஸ் முழுக்க இதுலயே போச்சு, நல்ல கிளாஸ் அது.

புல் ரன்னுன்னு ஒரு சேர்க்கைய எடுத்துக்குங்க, இது ஒண்ணு போதும் ரன்னோட குணத்தைக் காட்ட. ஷேர் மார்க்கெட் நியூஸ்ல புல் ரன்னுன்னா விலை தொடர்ச்சியா ஏறிட்டே போற காலம். ஸ்பெயின்ல பம்ப்லோனா ஊர்ல ஜூலை மாசம் சான் ஃபெர்மின் திருவிழாவுல தெருவுல காளைய அவுத்துவிட்டு முன்னாடி ஆளுங்க ஓடுவாங்களே, அதையும் புல் ரன்னுன்னு சொல்றாங்க, அங்க நெஜமாவே மாடும் ஓடுது மனுஷனும் ஓடுறான். அமெரிக்க வரலாறு படிக்கிறவங்களுக்கு புல் ரன்னுன்னா ஒரு போர், உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச 1861-ல ஜூலை 21-ம் தேதி வர்ஜீனியாவுல நடந்த மொதப் பெரிய சண்டை. அங்க மாடும் கெடையாது மார்க்கெட்டும் கெடையாது, புல் ரன்ங்கிறது பக்கத்துல ஓடுற ஒரு சின்ன ஆத்தோட பேரு. வர்ஜீனியா பக்கம் ஓடைக்கு ரன்னுன்னே பேர் வைக்கிற வழக்கம் உண்டு. பார்த்தீங்களா, மறுபடி தண்ணி! நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இருந்த அந்த ரின்னன் ஒரு போர்க்களத்துப் பேருக்குள்ள உக்காந்திருக்கு.

பேங்க் ரன்னும் இப்படித்தான். ஒரு பேங்க் திவாலாகப் போகுதுன்னு பேச்சு கெளம்பி ஜனங்க அவங்கவங்க பணத்தை எடுக்க ஓடுறது. 2007 செப்டம்பர்ல பிரிட்டன்ல நார்தர்ன் ராக் பேங்குக்கு இது நடந்துச்சு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து கிட்ட அவசர உதவி கேட்டிருக்காங்கன்னு பிபிசில நியூஸ் வந்த மறுநாள் காலையில கிளை கிளையா வாசல்ல வரிசை, வயசானவங்கெல்லாம் மடக்கு நாற்காலி கொண்டு வந்து உக்காந்திருந்தாங்க. அப்புறம் அரசாங்கம் உங்க டெபாசிட்டுக்கு நாங்க கேரண்டின்னு சொன்ன பிறகுதான் அடங்குச்சு. அது கண்ணால பார்க்கிற ரன். 2023 மார்ச் 9-ம் தேதி அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4,200 கோடி டாலர எடுக்கச் சொல்லி கோரிக்கை வந்துச்சு, பெரும்பாலும் கம்ப்யூட்டர்லயும் போன்லயும். பெரும்பாலானவங்க நாற்காலிய விட்டே எந்திரிக்கல, ஆனாலும் அதுக்குப் பேரு ரன்தான். காலு போயிடுச்சு, அந்த அவசரம் மட்டும் வார்த்தைல தங்கிடுச்சு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் இப்படித்தான் பெருகுது, பழைய அர்த்தத்துல ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கிட்டு புது எடத்துக்குப் போயிடும்.

கிரிக்கெட்டுலயும் அதேதான் நடந்திருக்கு. இந்த முனைல இருந்து அந்த முனைக்கு ஓடினா ஒரு ரன். பவுண்டரி போனா ஓடவே வேணாம், அதுவும் நாலு ரன்னுதான், சிக்ஸுன்னா ஆறு. 18-ம் நூற்றாண்டுல இதை "நாட்ச்"னு சொன்னாங்க, ஸ்கோர் எழுதுறவர் ஒரு குச்சில கத்தியால கோடு வெட்டிக்கிட்டே வருவாரு, எத்தனை வெட்டோ அத்தனை. அந்தக் குச்சி போயி புஸ்தகம் வந்துச்சு, நாட்ச்சும் போயிடுச்சு, ரன் நின்னுடுச்சு.

எதனால ரன்னுக்கு இவ்ளோ அர்த்தம், நடக்கிறதைச் சொல்ற "வாக்"குக்கு ஏன் இல்லன்னு ஒரு பையன் கேட்டான். பெரிய காரணம் மெஷினு. கடிகாரம், மில்லு, ஸ்டீம் இன்ஜின், ரயில், கார், அப்புறம் கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணா வர வர அது வேலை செய்றதைச் சொல்ல ஒரு வினைச்சொல் வேணும்ல, நிக்காம போயிட்டே இருக்கிறதுக்கு ஏற்கனவே கையில இருந்த சொல் ரன், அதையே எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. தொழிற்புரட்சிக்கு அப்புறம் வந்த ரன்னை மட்டும் தனியா எடுத்தாலே ஒரு பெரிய கூடை நெறையும்.

எங்க வீட்டுல இதுக்கு ஒரு நேரடி உதாரணம் இருக்கு. அப்பா ரயில்வேல லோகோ பைலட்டா இருந்தாரு, வண்டிய ஒரு ஊருக்குக் கொண்டு போயி விட்டுட்டு அடுத்த வண்டி ஏறுற வரைக்கும் அவங்க தங்குற எடத்துக்கு பேரு ரன்னிங் ரூம். வரிசையா கட்டிலு, ஒரு சமையல்காரர், ஜன்னல்ல கறுப்புத் திரை ஏன்னா ராத்திரி ட்யூட்டி பார்த்தவங்க பகல்ல தூங்கணும், சத்தமா பேசக்கூடாதுன்னு சுவத்துல போர்டு. சின்ன வயசுல அப்பா ரன்னிங் ரூம்ல இருக்காருன்னு அம்மா சொன்னா அங்க எல்லாரும் ஓடிட்டு இருப்பாங்கன்னு என் தம்பி நெனச்சுக்கிட்டு இருந்தான். வண்டியோட போற ஊழியர் ரன்னிங் ஸ்டாஃப், அவங்க தங்குறது ரன்னிங் ரூம், கிலோமீட்டர் கணக்குல வர்ற படி ரன்னிங் அலவன்ஸ். இது மாதிரி நம்ம ஊர்ல இங்கிலீஷே பேசாதவங்க வாயில தினமும் பொழங்குற ரன்னிங் எவ்ளோ இருக்கு பாருங்க. ஜவுளிக்கடைல மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்கிற துணி ரன்னிங் மெட்டீரியல், ஆசாரி கிட்ட பீடிங்குக்கு விலை கேட்டா ரன்னிங் ஃபீட்டு இவ்ளோன்னு சொல்லுவாரு, தையக்காரக்கா ரன்னிங் ஸ்டிச்சு போடுவாங்க, பழைய பைக் விக்கிறவர் நல்ல ரன்னிங் கண்டிஷன்னு சொல்லுவாரு, ரன்னிங்ல ஏறாதடான்னு கண்டக்டர் கத்துவாரு. நான் கிளாஸ்ல இந்த லிஸ்ட்டத்தான் மொதல்ல கேட்டு வாங்குவேன், ஏன்னா இதெல்லாம் பிள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ரன்னு, மீட்டர் மீட்டரா நீண்டு போறதுங்கிற அர்த்தம் ரன்னிங் ஃபீட்டுக்குள்ளயே இருக்கு, புதுசா சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல.

ரன்னோட பின்னாடி ஒரு குட்டி வார்த்தை ஒட்டிக்கிட்டா மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். ரன் அவுட்டுன்னா கிரிக்கெட்டுல ஒண்ணு, வீட்டுல சக்கரை தீந்து போச்சுன்னா "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்". ரன் இன்டுன்னா எதிர்பாராம ஒருத்தர சந்திக்கிறதும் உண்டு, மரத்துல கொண்டு போயி மோதுறதும் உண்டு. ரன் ஓவர் வண்டி ஏறுறது, ஆனா பரீட்சைக்கு முன்னாடி நோட்ஸ ஒரு தடவை ரன் ஓவர் பண்றது நல்ல காரியம். ரன் டவுன்ல பேட்டரி தீரும், ஆளு சோர்ந்து போவான், கட்டடம் பாழடைஞ்சு கெடக்கும், ஒருத்தர மட்டம் தட்டிப் பேசுறதும் அதுவே. பில்லு ஏத்திக்கிட்டே போறது ரன் அப். ஆபீஸ்ல "லெட் மி ரன் இட் பை மை மேனேஜர்"னா மேனேஜர் காதுல போட்டு வச்சுட்டு வர்றேன்னு அர்த்தம், வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி இதைக் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணி அர்த்தம் கேட்டா. இதுங்கள எல்லாம் ரன்னோட அர்த்தத்தை வச்சுக் கணக்குப் போட முடியாது, ஜோடியாவே கத்துக்க வேண்டியதுதான்.

இப்போ சினானிம் பக்கம் வர்றேன், அதாவது ஒரே அர்த்தம்னு சொல்லிக் குடுக்கிற வேற வேற சொற்கள், எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற எடம் இது. கட்டுரையில ரன்னுன்னு எழுதினா சின்னப் பிள்ளைத்தனமா இருக்கும், நல்ல வார்த்தை போடுன்னு சொல்லி ஸ்பிரின்ட், ஜாக், டேஷ், போல்ட், ஃப்ளீ, ஸ்கரி, ஸ்காம்பர்னு ஒரு லிஸ்ட்ட ஜெராக்ஸ் போட்டுக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு 2004 சுனாமி பத்தி கட்டுரை எழுதிட்டு வந்தா, நல்லா எழுதுற பொண்ணு, அதுல அலை வந்தப்போ கரைல இருந்த ஜனங்க "ஸ்காம்பர்ட் அவே"ன்னு எழுதியிருந்தா. எனக்கு அந்த வரியத் தாண்டிப் போக முடியல. ஸ்காம்பர் எப்படி இருக்கும்னு கேட்டேன், லிஸ்ட்ல இருந்துச்சு மிஸ்னு சொன்னா. நாய்க்குட்டி குடுகுடுன்னு வெளாட்டா ஓடும்ல, குட்டிப் பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே ஓடுங்கல்ல, அதான் ஸ்காம்பர்னு சொன்னேன். ஒண்ணும் பேசல, பேனாவ எடுத்து அதை அடிச்சுட்டு அரை நிமிஷம் யோசிச்சா, ஃப்ளெட்னு எழுதலாமான்னு கேட்டா, எழுதலாம் அது சரியான வார்த்தைதான், உயிருக்குப் பயந்து தப்பிச்சுப் போறதுக்குத்தான் ஃப்ளீ. அப்புறம் அவளே அதையும் அடிச்சுட்டு ரேன்னு எழுதினா. "த பீப்பிள் ரேன்." அவ்ளோதான். அந்த எடத்துக்கு அதை விட நல்ல வார்த்தை எந்த லிஸ்ட்லயும் கெடையாது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் சொந்த ஊரு இருக்கு. ஸ்கரின்னா எலி மாதிரி சின்னச் சின்ன அடியா பரபரன்னு போறது. காலப்பும் ட்ராட்டும் குதிரை. போல்ட்டுன்னா மெரண்ட குதிரை கயித்தை அறுத்துக்கிட்டு பாயுற பாய்ச்சல், 2009-ல பெர்லின்ல 100 மீட்டர 9.58 செகண்ட்ல ஓடின உசைன் போல்ட்டுக்கு குடும்பப் பேரே அப்படி அமைஞ்சது தற்செயல்தான். ஸ்பிரின்ட்டுக்கு தூரம் கம்மியா இருக்கணும், மாரத்தான்ல முழு தூரமும் யாரும் ஸ்பிரின்ட் பண்ண முடியாது, கடைசிக் கொஞ்சத்துல வேணா பண்ணலாம்.

கடை ரன் பண்ற ரன்னுக்கும் சினானிம் லிஸ்ட் இருக்கு, மேனேஜ், ஆபரேட், அட்மினிஸ்டர், கண்டக்ட், டைரக்ட். 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் புடிச்சப்புறம் பிரெஞ்சு சொல்லும், அப்புறம் படிச்சவங்க வழியா லத்தீன் சொல்லும் வந்து குவிஞ்சதால இங்கிலீஷ்ல ஒரே வேலைக்கு இத்தனை பேரு. ஆனா "மை ஃபாதர் ரன்ஸ் எ டீ ஷாப்"னு எழுதுறதுதான் சரி. ஆபரேட்டுன்னா மெஷினு, பஸ் ரூட்டு, விமான கம்பெனி. அட்மினிஸ்டர்னா மாவட்டம், இல்லன்னா மருந்து குடுக்கிறது. மேனேஜ்னு எழுதிட்டா கடை வேற யாரோடதோ, அப்பா அங்க சம்பளத்துக்கு பொறுப்பா இருக்காருன்னு படிக்கிறவங்க நெனைக்க நெறைய வாய்ப்பு இருக்கு. சொந்தக்கடை வச்சிருக்கிற மனுஷனை ஒரே வார்த்தைல வேலைக்காரரா ஆக்கிடலாம், அவ்ளோ வலு இருக்கு சினானிமுக்கு. மேனேஜே குதிரையக் கையால பழக்குறதுல இருந்து இத்தாலியன் வழியா வந்ததுதான், அதுக்கும் வேர் லத்தீன்ல கைங்கிற சொல்.

சினானிம் புஸ்தகத்துக்குப் பேர் போன பீட்டர் மார்க் ரோஜெட் ஒரு டாக்டர், ராயல் சொசைட்டிக்கு செயலாளரா இருந்தவரு. 1805-லயே தனக்குன்னு ஒரு சின்ன வார்த்தைத் தொகுப்பு போட்டு வச்சிருந்தாரு, 1852-ல 73 வயசுலதான் அதைப் பெருசாக்கி தெசாரஸா வெளியிட்டாரு. ஏ பி சி வரிசை இல்லாம 1000 தலைப்பா கருத்து வாரியா அடுக்கினது, இருத்தல்னு ஆரம்பிச்சு கோயில்னு முடியும். இதைப் படிச்சதும் நமக்கு என்ன ஞாபகம் வரும், நம்ம பழைய தமிழ் அகராதியான நிகண்டுதானே. திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கு பெயர்னு இப்படித்தான் தொகுதி தொகுதியா போகும், அதுவும் செய்யுள்ல, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மனப்பாடம் பண்றதுக்கு வசதியா. சூடாமணி நிகண்டோட பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள், அதையும் எதுகை வரிசைல அடுக்கியிருப்பாரு மண்டலபுருடர். ரோஜெட்டுக்கு நம்ம நிகண்டு தெரிஞ்சிருக்காது, ஆனா சமஸ்கிருத நிகண்டான அமரகோசத்தைப் பத்தி அவரோட முன்னுரை அடிக்குறிப்புலயே எழுதியிருக்காரு, கோல்ப்ரூக் செஞ்ச மொழிபெயர்ப்பு 1808-ல செராம்பூர்ல அச்சானதையும் சேர்த்து.

ரோஜெட் புஸ்தகத்துல அர்த்தமே போட்டிருக்க மாட்டாரு, வெறும் சொற்கள்தான். ஏன்னா அது வார்த்தை தெரிஞ்சவங்களுக்கு, தெரிஞ்ச வார்த்தை அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வராம தவிக்கிறவங்களுக்காக செஞ்சது. லிஸ்ட்டப் பார்த்ததும் ஆங் இதுதான்னு அவங்களால சொல்ல முடியும். ஸ்காம்பர்ங்கிற சொல்லைப் பத்து வாக்கியத்துல கூடப் பார்க்காத பிள்ளை கையில அதே லிஸ்ட்டக் குடுத்தா அது எப்படித் தேர்ந்தெடுக்கும்? கிளாஸ்கோ யுனிவர்சிட்டில 1965-ல ஆரம்பிச்சு 2009-ல வெளியிட்ட ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ்ல கிட்டத்தட்ட 8,00,000 அர்த்தத்தை எந்தக் காலத்துல எந்தச் சொல் இருந்துச்சுன்னு தேதியோட அடுக்கியிருக்காங்க. நடுவுல 1978-ல கட்டடத்துல தீ புடிச்சப்போ இரும்பு அலமாரியில இருந்ததால சொற்களை எழுதி வச்ச சீட்டெல்லாம் தப்பிச்சுது. 44 வருஷம் உழைச்சவங்களே ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எடம் குடுத்து வச்சிருக்காங்க, நாம என்னடான்னா எல்லாத்தையும் சமம்னு ஈக்வல் டு போட்டு கரும்பலகைல எழுதிடுறோம்.

அதனால பெத்தவங்க கிட்ட நான் கேக்குறது, சினானிம் புக்குக்கு செலவு பண்ற காசுல ஆக்ஸ்போர்டு காலோகேஷன்ஸ் டிக்ஷனரி ஒண்ணு வாங்கி வைங்க, எந்த வார்த்தை எந்த வார்த்தையோட சேரும்னு அதுல இருக்கும், பழைய புஸ்தகக் கடைல கெடைச்சாலும் போதும். இந்த வாரம் என் பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடமும் குடுத்திருக்கேன், ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பர முழுசா எடுத்து ரன் வர்ற எடத்தையெல்லாம் பென்சில்ல வட்டம் போடணும், ஸ்போர்ட்ஸ் பக்கத்துலயும் பிசினஸ் பக்கத்துலயும் நெறைய மாட்டும், உள்ளூர் பக்கத்துல பஸ்ஸும் தண்ணிக் குழாயும் மாட்டும். வட்டம் போட்டதோட விட்டுடாம அதுக்கு முன்னாடி எது நிக்குது, பின்னாடி எது நிக்குதுன்னு ரெண்டு பக்கத்து வார்த்தையையும் சேர்த்து நோட்டுல எழுதிட்டு வரணும். உங்க வீட்டுலயும் பேப்பர் வந்தா பிள்ளையோட உக்காந்து செஞ்சு பாருங்க, புதுசா ஏதாவது ரன் மாட்டினா எனக்கும் சொல்லுங்க.